மறக்காம அந்த

எங்கள் குடியிருப்பில் யாரும் வீடு கட்டுவதில்லை. ஒதுக்கிக் கொடுப்பதோடு சரி. கீழே தண்ணீர் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் ஒரு சர்வர் இருக்கிறது. எல்லா வீடும் அதில்தான் ஓடுகிறது. சர்வருக்குள் சில டிஸ்க்குகள். அவற்றைச் சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து ஒரே உருண்டையாக வைத்திருக்கிறோம். கேட்கிறவர்களுக்குக் கேட்ட அளவு அதிலிருந்து கிள்ளிக் கொடுப்பது என் வேலை. கிள்ளிய துண்டுக்கு வால்யூம் என்று பெயர். ஆள் குடியேறிவிட்டால் வீடு.

"கனகு, ஒரு ரூமு போட்டுக் குடு சாமி" என்பார்கள். கம்ப்யூட்டரில் ஒரு வரி அடிப்பேன். ரூம் வந்துவிடும். ஜன்னல் எந்தப் பக்கம் வரும் என்பது மட்டும் என் கையில் இல்லை. அதற்காகச் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இடத்தைக் கூட்டுவது சுலபம். முதலில் சுவரைத் தள்ள வேண்டும், பிறகு சாமானைப் பரப்ப வேண்டும். குறைப்பது அப்படியே தலைகீழ். முதலில் வீட்டுக்காரர்களை வெளியே வரச் சொல்லிக் கதவைச் சாத்த வேண்டும். உள்ளே இருப்பதையெல்லாம் முன்பக்கமாக இழுத்து ஒடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சுவரில் கை வைக்கலாம். எங்கள் தொழிலில் இது எல்.கே.ஜி. பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொல்வேனே தவிர, அன்றைக்கு அப்படிச் செய்யவில்லை.

அன்றைக்கு மூன்றாம் மாடி பூங்கொடி அக்காவின் மகளுக்கு நிச்சயதார்த்தம். காலையிலேயே அக்கா பட்டுப்புடவையோடு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

"கனகு, ஹாலு பத்தாது."

"எத்தன பேருங்க்கா வர்றாங்க?"

"மாப்பிள்ளை வூட்ல பெரிய குடும்பம்."

"அதான், எத்தன பேரு?"

"அவங்களுக்கே தெரியாதாமா."

உருண்டையைப் பார்த்தேன். மிச்சம் ஒரு சிட்டிகைகூட இல்லை. யாரிடமாவது பிடுங்கித்தான் கொடுக்க வேண்டும். திரையில் வீடு வீடாக ஓட்டிப் பார்த்தேன். எல்லா வீட்டிலும் அடைசல். இரண்டாம் மாடி சென்னியப்பன் ஐயா வீட்டில் மட்டும் முக்கால்வாசி காலி என்று காட்டியது. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் அவர் மனைவி துளசிமணி அக்காவும் மட்டும்தான் அங்கே இருக்கிறார்கள். ரெண்டு பேருக்கு எதற்கு அவ்வளவு இடம் என்று எனக்கே தோன்றியது.

"அவங்களக் கேக்கோணுமுங்க்கா."

"கேளு. சமையக்காரன் அடுப்ப எங்க வெக்கிறதுன்னு கேட்டுட்டு நிக்கறான். நீ போயி கேட்டுட்டு வா."

போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் கேட்பது என்பது லேசான வேலை இல்லை. துளசிமணி அக்கா உட்கார வைத்துவிடுவார். "சாப்ட்டியா கண்ணு?" என்பார். சாப்பிட்டேன் என்றால் என்ன சாப்பிட்டாய் என்பார். எப்போது பார்த்தாலும் மடியில் ஒரு முறம், முறத்தில் முருங்கைக்கீரை. அதை ஆய்ந்து முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். அப்படிப்பட்டவரிடம் போய், "உங்க வூட்டைக் கொஞ்சம் வெட்டோணும், வெளிய நில்லுங்க" என்று எந்த மூஞ்சியோடு சொல்வது? எனக்குச் சங்கடமாக இருந்தது. சங்கடத்துக்குப் பயந்து கட்டளையை அடித்துவிட்டேன்.

சர்வர் கேட்டது: உள்ளே ஏதாவது இருந்தால் போய்விடும். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று அடித்தேன். அது எதற்கெடுத்தாலும் இப்படித்தான் கேட்கும். பதில் சொல்லிச் சொல்லிக் கை பழகிவிட்டது.

மேசை டிராயரைச் சாத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். மூன்றாம் மாடியில் ஹால் நீண்டது. மேலே யாரோ கைதட்டினார்கள். பூங்கொடி அக்கா என் தலையில் கை வைத்து, "நல்லா இருப்பே சாமி" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

கொஞ்ச நேரத்தில் சென்னியப்பன் ஐயா இறங்கி வந்தார். சலவை வேட்டி, தோளில் துண்டு. நிச்சயத்துக்குக் கிளம்பிய கோலம். வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார். சர்வர் ரூமுக்குள் செருப்போடு வரக் கூடாது என்று எப்போதோ ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். அதை அவர் ஒருவர்தான் ஞாபகம் வைத்திருக்கிறார். கையில் ஒரு தூக்குப்போசி இருந்தது.

"தம்பி, வேலையா இருக்கீங்களா?"

"இல்லீங்கய்யா. சொல்லுங்க."

"எங்கூட்டுக்காரி பேசிட்டிருந்தாளுங்க. பாதில நின்னுபோச்சு."

"என்ன பேசினாங்க?"

"'ஏனுங்க, மறக்காம அந்த'ன்னா."

"அப்புறம்?"

"அப்புறம் செவுருங்க."

திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எங்க உக்காந்திருந்தாங்க?"

"பின்னாலதான். கடைசீல. அங்கதான் வெளிச்சம் நல்லா வருமுங்க. கீரை ஆஞ்சுட்டிருந்தா."

திரை காலி எவ்வளவு என்று சொல்லும். காலி எங்கே என்று சொல்லாது; வெட்டு எப்போதும் பின்பக்கம்தான் விழும். அவர்கள் வீட்டில் நடுவில்தான் காலி. முன்னால் இவர் பேப்பர் படிப்பார், பின்னால் அந்த அம்மா கீரை ஆய்வார். நடுவில் இருக்கிற வெட்டவெளியைத் தாண்டி இரண்டு பேரும் சத்தமாகப் பேசிக்கொள்வார்கள். இது குடியிருப்புக்கே தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும்.

"செவுத்துல காத வெச்சுப் பாத்தேன். ஒண்ணும் கேக்கல. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமுங்களா தம்பி?"

தெரியும் என்பது சின்ன வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவர் கழற்றி வைத்த செருப்பைப் பார்த்தேன். இரண்டும் ஒழுங்காகச் சேர்ந்து கிடந்தன. வார்த்தையை விழுங்கிவிட்டேன்.

"பாக்கறேங்கய்யா" என்றேன்.

"பாருங்க. ஒண்ணும் அவசரமில்ல." தூக்குப்போசியை என் மேசையில் வைத்தார். "மோரு. உங்களுக்குன்னு காலைலயே கடைஞ்சு வெச்சா."

அவர் போன பிறகு அதைக் குடித்தேன். இஞ்சி தட்டிப் போட்டிருந்தது. வெட்கம்கெட்ட வயிறு, குளுகுளுவென்று வாங்கிக்கொண்டது.

எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் தங்கராசு அண்ணன். வேலையை விட்டபோது, இனி எனக்கு அவ்வளவு இடம் வேண்டாம் என்று தன்னைத்தானே அமுக்கிச் சுருக்கிக்கொண்டார். மாடிப்படிக்கு அடியில் மின்சார மீட்டர் பெட்டிக்குள் குடியிருக்கிறார். சௌகரியமாக இருக்கிறது என்கிறார். பேச்சும் கூடவே சுருங்கிவிட்டது. போய்ப் பெட்டியைத் தட்டினேன்.

"என்ன?"

"ஒரு வூட்டைக் குறைச்சேங்ணா."

"உள்ள இருந்தத இழுத்தியா?"

"இல்லீங்ணா."

"த்தூ."

பெட்டி மூடிக்கொண்டது. மறுபடியும் தட்டினேன்.

"யாரு போச்சு?"

"துளசிமணி அக்கா."

மீட்டர் சக்கரம் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது.

"எடம் இப்ப யாருகிட்ட?"

"பூங்கொடி அக்கா ஹால்ல."

"அந்த எடத்து மேல யாராச்சும் உக்காந்தாச்சா?"

"இன்னும் பந்தி போடலீங்ணா."

"அப்ப இருக்கா. அங்கயேதான் இருக்கா. செவுரு எங்க இருந்துச்சுன்னு சர்வர் பழைய படத்த வெச்சிருக்கும். அதப் போடு. அப்படியே வந்துருவா."

எனக்கு மூச்சு வந்தது.

"உக்காந்துட்டா?"

"எவன் உக்காந்தானோ, வர்றது அவன்தான். அவ இல்ல."

மூச்சு மறுபடியும் போனது.

"இப்பவே போட்டுடறேங்ணா."

"போடுவே. மேல் வூட்டைக் குறைக்கோணுமில்ல? ஆளுக அத்தன பேரையும் வெளிய நிறுத்து. கதவச் சாத்து. அப்பறம் போடு. இந்தத் தடவையாச்சும் முறையாச் செய்யி."

"நிச்சயம் நடந்துட்டிருக்குதுங்ணா. ஏன்னு கேப்பாங்க."

"சொல்லு."

"சொல்லித்தான் ஆகோணுமா?"

பெட்டி மூடிக்கொண்டது. மூன்றாவது தடவை தட்டினேன். உள்ளே குறட்டை கேட்டது. வேண்டுமென்றே விட்ட குறட்டை.

படியேறினேன். படிகள் கூடியிருந்தன. இந்தக் குடியிருப்பில் கூட்டுகிறவன் நான் ஒருவன்தான். நான் கூட்டவில்லை. ஏற ஏற இன்னும் கொஞ்சம் வந்தன. ஒரு திருப்பத்தில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். "அக்கா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்." ஆளில்லாத இடத்தில் நன்றாக வந்தது.

ஹால் போய்க்கொண்டே இருந்தது. ஒரு கோடியில் மேடை, மாலை, மைக்கு. அடுத்த கோடி கண்ணுக்கு எட்டவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஊரே திரண்டு வந்த மாதிரி இருந்தது. கிட்டே போனால் மாப்பிள்ளை, அப்பா, அம்மா, ஒரு சித்தப்பா. அவ்வளவுதான்.

"மத்தவங்க?" என்று சித்தப்பாவைக் கேட்டேன்.

"தேவைப்படறப்ப வருவாங்க" என்றார். "நாற்காலி போடுங்க. போடப் போட ஆளு வரும். எங்க குடும்பம் அப்படி."

எனக்குப் புரிந்தது. சர்வரிலும் இப்படி ஒரு வழக்கம் உண்டு. ஊருக்கெல்லாம் பெரிய பெரிய வீடாக எழுதிக் கொடுத்துவிடுவோம். கேட்கும்போது கேட்கும்போது கொஞ்சமாக எடுத்து நீட்டுவோம். எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்காத வரைக்கும் மானம் தப்பும்.

ஹாலின் கடைசிக்கு நடந்தேன். வெட்டு விழுந்த இடம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தரையில் கல் நிறம் மாறியது. அந்தப் பக்கம் ஜன்னலே இல்லை. ஆனால் தரையில் ஜன்னல் வெளிச்சம் கம்பி கம்பியாக விழுந்து கிடந்தது. பச்சைக்கீரை வாசனை வந்தது. குனிந்து காது வைத்தேன். வளையல் சத்தம் கேட்டது. காம்பிலிருந்து இலையை உருவும்போது வருகிற சத்தம். உருவுவதும் நிற்பதும் உருவுவதுமாக வந்துகொண்டிருந்தது. அந்த அம்மா பாட்டுக்கு வேலையில் இருந்தார். எனக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு மேடைப் பக்கம் போனேன்.

பூங்கொடி அக்கா சம்பந்தியம்மாவோடு தட்டு மாற்றத் தயாராக நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, ஒரு நிமிசம்."

"சொல்லு சாமி."

"எல்லாரும் கொஞ்சம் வெளிய நிக்கோணுமுங்க."

"எதுக்கு?"

மைக்குக்காரன் என்ன நினைத்தானோ, மைக்கை என் வாய்க்கு நேராகப் பிடித்தான். மாப்பிள்ளையின் அப்பா திரும்பினார். அவருக்குப் பின்னால் இன்னும் வராத குடும்பம் முழுவதும் திரும்பியது. "எதுக்கு?" என்று ஸ்பீக்கர் ஒரு தடவை கேட்டது.

சொல்லியிருக்க வேண்டும். அதற்குத்தான் போனேன். வார்த்தைகூடத் தயாராக இருந்தது. ஆனால் அத்தனை கண்ணையும் பார்த்ததும் வாய் தானாக வேறு ஒன்றைச் சொன்னது.

"போட்டோவுக்கு."

"அட, அதுக்கென்ன, பந்தி முடியட்டும்" என்றார் அக்கா. ஸ்பீக்கரில் என் மூச்சு புஸ்புஸ்ஸென்று கேட்டது. மைக்குக்காரன் அதைப் பிடுங்கிக்கொண்டான். போட்டோக்காரர் மட்டும் என்னைப் பார்த்து நன்றியோடு தலையாட்டினார்.

சரி, பந்தி முடிகிற வரைக்கும் அந்த இடத்தில் யாரும் உட்காராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எல்லோரும் தாம்பூலப் பையோடு தானாக வெளியே போய்விடுவார்கள். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. துளசிமணி அக்கா முறமும் கையுமாகத் திரும்பி வந்து வாக்கியத்தை முடிப்பார். இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

நிறம் மாறிய கல்லுக்கு ஓரமாகக் காவல் நின்றேன். பந்திப்பாயை விரித்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள்.

"இங்க வேண்டாம். எறும்பு."

"எறும்பக் காணமுங்க."

"இப்ப இல்ல. வரும்."

பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். கொஞ்சம் தெம்பு வந்தது. இந்தக் குடியிருப்பில் என் பேச்சுக்கு மரியாதை உண்டு. இடம் விஷயத்தில் நான் சொன்னால் சொன்னதுதான்.

இலை போடத் தொடங்கினார்கள். சித்தப்பா சொன்னது உண்மை. ஒரு இலை விழுந்தால் அதற்குப் பின்னால் ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அத்தை, மாமா, பெரியப்பா, பெரியப்பாவின் நண்பர். வரிசை மேடையிலிருந்து என்னை நோக்கி நீண்டுகொண்டே வந்தது. கல் நிறம் மாறுகிற இடத்தில் நின்றது.

அப்போதுதான் சென்னியப்பன் ஐயா வந்தார். வரிசையைப் பார்க்கவில்லை. மேடையைப் பார்க்கவில்லை. மோப்பம் பிடிப்பதுபோல் நேராக என்னைத் தாண்டி வந்து, அந்த வெளிச்சத்தில் நின்றார்.

"தம்பி, இங்க எங்கூட்டு வாசம் அடிக்குதுங்களே."

"அப்படிங்களா?"

"ஆமாங்க. வெளிச்சமும் எங்கூட்டு வெளிச்சமாட்டவே இருக்குது." கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிதிக்கக் கூடாது என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ, ஓரத்தில் ஒதுங்கித்தான் நின்றார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, சரியாக வளையல் சத்தம் வந்த இடத்தில் விரித்தார். "அவ வந்தா இங்கதான் உக்காருவா. அவளுக்கு வெளிச்சம் வேணும். எடம் புடிச்சு வெக்கறேன்."

"ஐயா..."

"சித்த பாத்துக்குங்க தம்பி. நான் படிக்கட்டுல நின்னு பாத்துட்டு வந்தர்றேன். வழி தெரியாம நிப்பா."

அவர் போய்விட்டார். நம்பிப் போனார். நானும் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். துண்டு விரித்தால் ஆள் உட்கார்ந்ததாக ஆகாது. அது வெறும் துணி. ஆனால் எங்கள் பக்கம் பந்தியில் துண்டு கிடந்தால் ஆள் உண்டு என்று அர்த்தம். இலை போடுகிறவர் துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துண்டுக்கு முன்னால் ஒரு இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போய்விட்டார்.

"இங்க வேண்டாம்" என்றேன். அவர் அதற்குள் அடுத்த வரிசைக்குப் போயிருந்தார்.

இலை விழுந்தால் ஆள் வந்துவிடும். பதறிப்போய் இலைக்குப் பின்னால் பார்த்தேன். யாரும் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். வரவில்லை. மாப்பிள்ளை வீட்டில் ஆள் தீர்ந்துவிட்டது.

ஹாலில் பேச்சு அடங்கியது. சித்தப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா தன் குடும்பத்தைத் தலை தலையாக எண்ணிக்கொண்டு வந்து, காலி இலையில் நின்று, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். பெரிய குடும்பம் என்று சொல்லிப் பெண் கேட்டவர்கள். ஒரு இலைக்கு ஆள் இல்லை. அவர்கள் தலை குனிந்ததைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அந்தக் குனிவு எனக்குப் பழக்கமானது. காலையிலிருந்து என் தலையும் அப்படித்தான் கிடந்தது.

பூங்கொடி அக்கா பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"கனகு, இலை காலியாக் கெடக்குது. உக்கோரு."

"நானுங்களா?"

"போட்ட இலைய எடுக்கக் கூடாது. சம்பந்தி மானம் போவுது. உக்கோரு சாமி."

"அக்கா, இது துளசிமணி அக்காவுக்கு..."

"அவங்க எங்க?"

நல்ல கேள்வி. இதைவிடச் சுலபமான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அவங்க இங்கதான் இருக்காங்க, இந்த இலைக்குக் கீழே, நான்தான் வெட்டினேன், எல்லோரும் எழுந்து வெளியே போங்கள். இவ்வளவுதான் பதில். பொரியல் வாளியோடு ஒருவர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் சாம்பார் நின்றது. ரசமும் வந்தது. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

"தெரியலீங்க்கா" என்றேன்.

உட்கார்ந்தேன்.

உட்காருகிற வரைக்கும் வளையல் சத்தம் மெல்லிசாகக் கேட்டுக்கொண்டிருந்தது. உட்கார்ந்த பிறகு கேட்கவில்லை. துண்டுக்கு அடியில் தரை வெதுவெதுப்பாக இருந்தது. அப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி.

பரிமாறினார்கள். சாப்பிட்டேன். சாப்பிடாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். மாப்பிள்ளையின் அப்பா தூரத்திலிருந்து என்னைக் கும்பிட்டார். அந்தக் கும்பிடுக்குப் பதிலாக நானும் எச்சில் கையைத் தூக்கினேன்.

பாயசம் வரும்போது சென்னியப்பன் ஐயா திரும்பி வந்தார். துண்டின்மேல் என்னைப் பார்த்தார். என் கை அந்தரத்தில் நின்றது. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது.

"வரலீங்க" என்றார். "நீங்க சாப்புடுங்க தம்பி. காலைலருந்து வேலையா இருந்தீங்க. பசிச்சிருக்கும்."

"நீங்க உக்காருங்கய்யா. நான் எந்திரிச்சர்றேன்."

"பாதி இலைல எந்திரிக்கக் கூடாது. சாப்புடுங்க." பாயசக்காரரைக் கூப்பிட்டார். "தம்பிக்கு இன்னொரு கரண்டி ஊத்துங்க."

ஊற்றினார்கள். குடித்தேன். அவர் பின்னால் நின்றுகொண்டே இருந்தார். என் கழுத்தில் அவர் மூச்சு பட்டது.

பந்தி முடிந்தது. எல்லோரும் தாம்பூலப் பையோடு வெளியே போனார்கள். மாப்பிள்ளை வீட்டார் வாசலைத் தாண்டத் தாண்டக் குறைந்து, காரில் ஏறும்போது நான்கு பேர் ஆனார்கள். ஹாலில் ஒருவரும் இல்லை. கதவைச் சாத்தினேன். சாமானையெல்லாம் முன்பக்கம் இழுத்து ஒடுக்கினேன். எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். பார்ப்பதற்குத்தான் யாரும் இல்லை.

கீழே போய்ப் பழைய படத்தை எடுத்துப் போட்டேன்.

சர்வர் கேட்டது: இருந்தபடி வைத்துவிடலாம். இடையில் யாராவது அங்கே உட்கார்ந்திருந்தால் வருவது அவர்கள்தான். பரவாயில்லையா?

இந்தத் தடவை நிதானமாகப் படித்தேன். ஒரு எழுத்து விடாமல் படித்தேன். பிறகு விசையை அழுத்தினேன். அழுத்திய விரலில் ஒரு முருங்கைக் காம்பு இருந்தது.

சென்னியப்பன் ஐயா வீட்டு ஜன்னல் அதன் இடத்தில் இருந்தது. வெளிச்சம் கம்பி கம்பியாக வந்து விழுந்தது. சுவரில் காலண்டர், அதன் ஆணியில் ஒரு மஞ்சள் பை, மூலையில் சின்ன ஸ்டூல், உருவிப்போட்ட காம்புகள். எல்லாம் வந்துவிட்டன. மடியில் முறம் இருந்தது. முறத்தில் பாதிக்கீரை ஆய்ந்து கிடந்தது. மடி என்னுடையது.

வெட்டவெளிக்கு அந்தப் பக்கத்தில், வெகுதூரத்தில், சென்னியப்பன் ஐயா சுவர் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது அங்கே சுவர் இல்லை.

நான் வாயைத் திறந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் திறந்தேன்.

"ஏனுங்க, மறக்காம அந்த..." என்றது வாய்.

அவர் ஓடி வந்தார். அந்த வயதில் அப்படி ஓடக் கூடாது. ஓட ஓட நடு ரூம் நீண்டது. விடாமல் ஓடி வந்து என் முன்னால் நின்று மூச்சு வாங்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

"அந்த? சொல்லு புள்ள. அந்த?"

எனக்கு எப்படித் தெரியும்? அந்த அம்மா மனசில் வைத்திருந்ததன்மேல் நான் உட்கார்ந்து பாயசம் குடித்திருக்கிறேன். இருந்தாலும் தேடிப் பார்த்தேன்.

"அந்த மோர?"

"அது தம்பிகிட்டக் குடுத்தாச்சு."

"மொய்ப்பணத்த?"

"அது என் சட்டைப் பைல இருக்குது. அதில்ல. நீ வேற என்னமோ சொல்ல வந்தே."

அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. முறத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். காலையில் சொல்லியிருக்க வேண்டியது, மைக்கில் சொல்லியிருக்க வேண்டியது, இலைக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியது. இப்போது ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது.

"நான்தானுங்க வெட்டுனது. உங்களக் கேக்காம வெட்டிட்டேன். அவங்க இருந்த எடத்துல நான்தான் உக்காந்தேன். தெரிஞ்சே உக்காந்தேன்."

அவர் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார்.

"சரி" என்றார். "அந்த என்ன?"

என் காதெல்லாம் எரிந்தது. அவர் மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்து என் எதிரில் போட்டு உட்கார்ந்தார். முறத்திலிருந்து ஒரு கொத்தை எடுத்து, பழக்கமில்லாத விரலால் இலையை உருவத் தொடங்கினார்.

"ஒண்ணும் அவசரமில்ல புள்ள" என்றார். "நெதானமா யோசிச்சுச் சொல்லு."